அப்பா கட்டிய அணு உலை

என் அப்பா எங்கள் வீட்டு முன்னறையில் வாயாலேயே ஓர் அணு உலையைக் கட்டிக்கொண்டிருந்தார். எண்பதுகளில், எங்கள் தீவின் டத்தோ கிராமாட் பகுதியில். அவருக்கு அரசாங்க அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை. கடலுக்கு அக்கரையில் பிறையில் தொழிற்சாலைகள் பெருகுகின்றன, எண்ணெய் ஒருநாள் தீர்ந்துவிடும், வளரும் நாட்டுக்கு அணுமின்சாரத்தை விட்டால் வழியில்லை என்பார். ஒரு கைப்பிடி யுரேனியம் ஊருக்கே போதுமாம். கேட்க ஆள் சிக்காத நாளில் நான் சிக்குவேன். எனக்குப் பதினொரு வயது.

கோயில் மண்டபத்தில் மாணவர் பேச்சுப்போட்டி வந்தது. அணுமின்சாரம் வேண்டும் என்ற உரையை அப்பாவே எழுதிக்கொடுத்தார். ‘தோட்டத்து லயங்களில் நம் பிள்ளைகள் மண்ணெண்ணெய் விளக்கில் படிக்கிறார்கள்’ என்ற வரியில் என் குரல் தழுதழுக்க வேண்டும் என்று பென்சிலால் கோடும் போட்டிருந்தார்.

போட்டியன்று காலையில் பெரியம்மா அக்கரை ரப்பர்த் தோட்டத்திலிருந்து மகளோடு வந்திறங்கினார். அக்காவுக்கு மூன்று மாதத்தில் மூன்றாம் படிவ அரசாங்கச் சோதனை. தவறினால் படிப்பை விட்டுப் பால்மரம் வெட்டப் போக வேண்டியதுதான்.

"மூணு மாசந்தான் தம்பி. ஜெனரேட்டர சீக்கிரமே அடைச்சிடுறானுங்க. இங்க ஒரு மூலையில உக்காந்து படிச்சிக்கும்."

"வயசுப் பிள்ள, பொறுப்பு யாரு எடுக்கிறது? எடமும் இல்ல லா" என்றார் அப்பா. முன்னறையில் இடமில்லைதான். அவருடைய பழைய பத்திரிகைக் கட்டுகள் சுவர்வரை இருந்தன. இப்போது எழுதும்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அம்மா அடுப்படியில் பாத்திரத்தை நங்கென்று வைத்தார். அந்த வீட்டில் அவருக்கு அனுமதிக்கப்பட்ட கோபம் அவ்வளவுதான்.

பெரியம்மாவையும் அக்காவையும் அம்மா மண்டபத்துக்கு அழைத்துவந்தார். நான் முழங்கினேன். கோடு போட்ட வரி வந்ததும் குரல் தழுதழுத்தது. அத்தோடு விட்டேனா? உரையில் இல்லாததை நானாகச் சேர்த்தேன். "இதோ, என் அக்காவைப் பாருங்கள்!" என்று கை நீட்டினேன். மண்டபமே திரும்பிப் பார்த்தது. அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். முதல் பரிசு ஒரு மேசை விளக்கு.

அவர்களை வழியனுப்ப பெர்ரித் துறைக்குப் போனோம். விளக்குப் பெட்டியை அக்காவிடம் நீட்டினேன்.

"நீ வெச்சிக்க அக்கா, படிக்கிறதுக்கு."

"பாத்தீங்களா, எம்மக மனச!" என்று அப்பா பூரித்தார்.

அக்கா பெட்டியைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

"எங்க லயத்துல இத எதுல சொருவுறது சித்தப்பா? பிறையிலேருந்து பெரிய கரண்டு கம்பி எங்க தலைக்கு மேலதான் போவுது. கீழதான் எறங்க மாட்டேங்குது."

பெட்டியை என் காலடியில் வைத்துவிட்டு பெர்ரியில் ஏறிவிட்டாள். பெரியம்மா திரும்பிப் பார்க்கவில்லை.

"வாய் நீளம்" என்றார் அப்பா, வீடு வரும்வரை. எனக்கும் அக்கா மீதுதான் கோபம். ஆசையாகக் கொடுத்ததை இப்படியா விட்டுப்போவாள்? அக்கா அந்தச் சோதனையில் தேறவில்லை என்று கேட்டபோதும், விளக்கை வாங்கியிருக்கலாமே என்றுதான் நினைத்தேன்.

பல வருடம் அந்த விளக்கில் நான்தான் படித்தேன். என் மேசைக்கு எதிர்ப்பக்கம் இன்னொரு நாற்காலி போட இடமிருந்தது. அது எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.