கதவடிப் பாம்பு

எங்கள் வீட்டு முன்னறைக் கதவின் அடியில் ஒரு பாம்பு படுத்திருக்கிறது. பயப்பட வேண்டாம், துணிப் பாம்பு. மெரூன் நிறப் பழைய புடவை ஒன்றைக் கிழித்து நீளமாகத் தைத்து, உள்ளே பிய்ந்துபோன ஸ்வெட்டர்களையும் ஜோடி தொலைந்த காலுறைகளையும் திணித்து, நகராமல் கிடப்பதற்காக இரண்டு முனையிலும் ஒரு பிடி அரிசி போட்டு மூடியது. தலை எது, வால் எது என்று தெரிய இரண்டு சட்டைப் பொத்தான்களைக் கண்ணாக வைத்திருக்கிறது. ஒன்று வெள்ளை, ஒன்று நீலம். இந்தக் குளிர்நாட்டில், குட்மேய்ஸில் நாங்கள் இருக்கும் வீட்டில் ஜன்னல் எல்லாம் இரட்டைக் கண்ணாடி, கதவெல்லாம் புதுக் கதவு. குளிர்காற்று புக இடமே கிடையாது. ஆகவே பாம்புக்கு இங்கே ஒரு வேலையும் இல்லை. வருகிறவர்கள் எல்லோரும் அதில் தடுக்கி விழப் பார்த்துவிட்டு, இது எதற்கு என்று கேட்கிறார்கள். கிடக்கட்டும் என்று சொல்லிவிடுவேன். ஐந்தாம் வகுப்பில் படிக்கும் என் மகள் தினமும் அதற்கு ஓர் உதை கொடுத்துத்தான் உள்ளே வருகிறாள். அவள் பிறந்த குளிர்காலத்தில் அவளுக்குக் காவல் கிடந்த பாம்பு அது என்று எத்தனை தடவை சொன்னாலும் அவள் காதில் ஏறுவதில்லை.

அதைத் தைத்தவரை நான் அண்ணை என்று அழைப்பேன். திருச்சிக்காரியான எனக்கு வாயில் வருவது அண்ணா என்பதுதான். ஆனால் முன்பு பக்கத்து இல்ஃபோர்டில் அவர் வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தபோது, தெருவே அவரை அண்ணை என்று கூப்பிட, நான் மட்டும் எதற்குத் தனிக்கச்சேரி என்று மாறிவிட்டேன். அண்ணையும் அவர் மனைவி அக்காவும் யாழ்ப்பாணத்துக்காரர்கள். ஒரே மகள் கல்யாணமாகி டொராண்டோவில் இருந்தாள். அக்கா முதியோர் இல்லத்தில் ஷிப்ட் வேலைக்குப் போவார். அண்ணை பல வருடம் பெட்ரோல் நிலையத்தில் இரவு வேலை பார்த்து, முதுகு பழுதாகி, வீட்டோடு இருந்துவிட்டவர். வீட்டோடு இருந்தார் என்றால் சும்மா இருந்தார் என்று நினைத்துவிடாதீர்கள். சமையல், துணி, சுத்தம், கடை எல்லாம் அவர் ராஜ்ஜியம். குளிர்காலத்தில் கால்சட்டைக்கு மேலே சாரம் என்கிற லுங்கி, ஸ்வெட்டருக்கு மேலே ஏப்ரன், தலையில் குரங்குத் தொப்பி. அந்தக் கோலத்தில் அவர் புட்டு அவிப்பதை முதல் தடவை பார்த்தபோது, சிரிப்பை அடக்க நான் மாடிப்படி ஏறி ஓடிவிட்டேன்.

அந்த வருடக் குளிர் ஐப்பசியில் வந்து உட்கார்ந்தது, பங்குனி வரை எழுந்திருக்கவில்லை. எனக்குத் தை மாதம் பிரசவம். அம்மா வருவதாக எல்லா ஏற்பாடும் ஆகியிருந்தது. பெட்டியில் பூண்டு லேகியம் வரை வைத்தாயிற்று. வாசலில் கோலம் போட்டுவிட்டு எழுந்தவள் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டாள். அவ்வளவுதான், அம்மா இல்லாத முதல் பிரசவம். ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீடு வந்தால், மாடி அறை ஜன்னலில் உள்பக்கமே தண்ணீர் வழிகிறது. நாலரை மணிக்கே இருட்டிவிடுகிறது. என் கணவர் காலை இருட்டில் கணினி வேலைக்குப் போய் மாலை இருட்டில் வருவார். நாள் முழுக்க நானும் குழந்தையும் எதிர்ச்சுவரும்தான். நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். குழந்தைக்குப் பாஸ்போர்ட் வந்த மறுநாளே திருச்சிக்குக் கிளம்புவது. திரும்பி வருவது என்ற பேச்சே கிடையாது. "அப்ப நான்?" என்றார் இவர். "உங்களுக்கு வேலை இருக்கு, நீங்க இருங்க" என்றேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. குடும்பம் இரண்டாகப் போவது எனக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்தும் அப்படித்தான் நினைத்தேன். பாவம், அந்த மனிதர் முகம் சுருங்கிப்போயிற்று.

அண்ணை தினமும் மாடிப்படியின் கீழே நின்று குரல் கொடுப்பார். "தங்கச்சி, கீழ வாங்கோ. முன்னறை நல்ல சூடாக் கிடக்கு." நானும் தினமும் ஒரே பதில்தான் சொல்வேன்: "பரவால்ல அண்ணை, இருக்கட்டும்." வாடகைக்கு இருக்கிறவர்கள் வீட்டுக்காரர் அறையில் போய்ப் பிள்ளையை அழவிட்டுக்கொண்டு உட்காரலாமா? என்ன நினைப்பார்கள்? எனக்கு இந்த வறட்டுக் கௌரவம் பிறவிக் குணம். பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி சர்க்கரை கேட்பதற்குப் பதில் காபியையே வேண்டாம் என்று விடுகிற ரகம். அவர் படியில் தட்டை வைத்துவிட்டுப் போவார். நான் கழுவித் துடைத்து அதே படியில் வைப்பேன். இப்படியே போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் ஒரு நாள் காலையில், வீட்டு ரேடியேட்டர்களுக்கெல்லாம் வெந்நீர் அனுப்பும் பாய்லர் நின்றது. வெளியே பனி கொட்டிக் காரெல்லாம் மூடிக் கிடக்கிறது. வீட்டில் ஒரு ரேடியேட்டரிலும் உயிர் இல்லை. கீழேயிருந்து அண்ணை குரல், தேர்த்திருவிழாவை அறிவிக்கிற உற்சாகத்தோடு வந்தது. "தங்கச்சி, பொயிலர் நிண்டு போச்சு! இனி ஒரு கதையும் கேக்கமாட்டன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கெதியா வாங்கோ!" வேறு வழி? போனேன்.

முன்னறையை அதற்குள் அவர் கோட்டையாக மாற்றியிருந்தார். ஜன்னலில் குமிழ் பிளாஸ்டிக்கை ஒட்டி, அதன்மேல் திரை, திரைமேல் ஒரு கம்பளி. நடுவில் இரண்டு மின்சார ஹீட்டர்கள், ஒன்று எதிர்வீட்டில் இரவல் வாங்கியது. சோபாவை விரித்துக் கட்டிலாக்கி, எனக்கும் குழந்தைக்கும் அக்காவுக்கும் அங்கே இடம். ஆண்கள் இருவருக்கும் பின்னறை. கதவடியில் நமது பாம்பு. அறைக்குள் யார் வந்தாலும் காலால் அதைக் கதவோடு ஒட்டித் தள்ள வேண்டும் என்பது சட்டம். மறந்தால், குசினியில், அதாவது சமையலறையில், இருந்தாலும் அண்ணைக்கு எப்படியோ தெரிந்துவிடும். "பாம்பை வையுங்கோ!" என்று சத்தம் வரும். குழந்தையைப் பார்க்க வந்த நர்ஸ் அம்மாளிடமும் அப்படியே "ஸ்நேக், பிளீஸ், ஸ்நேக்!" என்று கத்தினார். அந்த அம்மாள் பையைக் கீழே போட்டுவிட்டு வாசல்வரை ஓடியதும், அண்ணை பாம்பைக் கையில் பிடித்துக்கொண்டே சமாதானம் சொல்லப் பின்னால் போனதும், இன்றைக்கு நினைத்தாலும் வயிறு வலிக்கிறது.

சாப்பாட்டு விஷயத்தில் இரண்டு சமஸ்தானங்களுக்குப் போர் நடந்தது. திருச்சியில் கட்டுப் போட்ட காலோடு அம்மா வீடியோவில் வந்துவிடுவாள். அண்ணை போனை மாவு டப்பாவில் சாய்த்து வைத்துக்கொண்டு அடுப்படியிலிருந்தே பதில் சொல்வார். "தம்பி, அதுல பூண்டு தாராளமா போடுங்க. பிள்ளை பெத்தவ." "ஓம் அம்மா, போட்டாச்சு. ஆனா நீங்கள் சொல்லுற மிளகு இஞ்சத்தைக் குளிருக்குக் காணாது." "அவ்வளவு காரம் ஆகாது தம்பி!" "சரியம்மா, சரியம்மா" என்று தலையாட்டிவிட்டு, அம்மா அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து இன்னொரு கரண்டி போடுவார். பிள்ளை பெற்றவளுக்கென்று மருந்துச் சரக்கு அரைத்த சரக்குக் கறி ஒரு நாள், பால் சுரக்கப் பால்சுறா மீன் ஒரு நாள். எனக்குக் குளிக்க வெந்நீரை அவரே அடுப்பில் கொதிக்க வைத்து வாளியில் கொண்டுவந்து வைப்பார். "குழாயில வாற தண்ணியைத் தொடக்கூடாது" என்று கண்டிப்பு வேறு. குழந்தையின் துணி காயாவிட்டால் இஸ்திரி போட்டே காயவைத்து, சூடாறுமுன் மடித்துத் தருவார். அந்தத் துணியின் வெதுவெதுப்பு இன்னும் என் கன்னத்தில் இருக்கிறது.

அக்கா ஷிப்ட் முடிந்து பனியோடு வந்து நிற்பார். கையைச் சூடாக்காமல் பிள்ளையைத் தொடக்கூடாது என்று அவருக்கும் சட்டம். தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னிடம் முறையிடுவார். "நான் பிள்ளை பெத்த நேரம் இந்த மனிசன் எனக்கு ஒரு சுடுதண்ணி வைச்சுத் தரேல்லை, தங்கச்சி. இப்ப பாருங்கோ கூத்தை!" அண்ணை அலட்டிக்கொள்ளாமல், "அப்ப எனக்குச் சமைக்கத் தெரியாது. தெரிஞ்சிருந்தா அண்டைக்கே உம்மை வேலைக்கு அனுப்பியிருப்பன்" என்பார். அக்கா தலையணையை எறிவார். பிரசவத்துக்குப் பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அந்த நாட்களில்தான். ஆண்கள் இருவரும் தினம் காலையில் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டு, உடம்பைக் குறுக்கிக்கொண்டு பின்னறையிலிருந்து வருவார்கள். "ஐயோ, என்ன குளிர், என்ன குளிர்" என்று இவர் பல்லைக் கடிப்பார். எனக்குப் பரிதாபமாக இருக்கும். "மெக்கானிக் எப்ப வருவான்?" என்று கேட்டால், "பனி விட்டால்தானே" என்று அண்ணை பெருமூச்சு விடுவார்.

ஒருவழியாக வீடு முழுக்கச் சூடு வந்தது. நான் பெட்டி படுக்கையோடு மாடிக்குப் போனேன். அறை நன்றாக இருந்தது, சுவர் எல்லாம் கதகதப்பு. கட்டிலில் உட்கார்ந்தேன். குழந்தையைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். கீழே அண்ணை தாளிக்கிற சத்தம் கேட்டது. மத்தியானம் வரைகூட என்னால் அங்கே இருக்க முடியவில்லை. யாரும் கூப்பிடாமல், நானாகவே குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்து சோபாவில் உட்கார்ந்தேன். அண்ணை குசினியிலிருந்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "பாம்பை வையுங்கோ" என்று மட்டும் சொன்னார். பங்குனியில் பாஸ்போர்ட் வந்தது. அதை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். டிக்கெட் என்ற பேச்சை எடுக்கவில்லை. இவரும் பயத்தில் கேட்கவில்லை. நான் சந்தோஷமாக இருந்தேன், அவ்வளவுதான் விஷயம்.

குட்மேய்ஸில் வீடு வாங்கிக் கிளம்பிய நாளில்தான் அக்கா விஷயத்தை உடைத்தார். "தங்கச்சி, அந்தப் பொயிலரை மூண்டாம் நாளே வந்து திருத்திப்போட்டாங்கள். நீங்கள் பிள்ளையோட நித்திரை. எங்கட இவர்தான் மேல் ரேடியேற்றர் எல்லாத்தையும் திருகிப் பூட்டி வைச்சவர். இன்னும் ஒரு கிழமை!" கிழமை என்றால் அவர்கள் பேச்சில் வாரம். பின்னறையில் சுகமாகச் சூட்டில் தூங்கிவிட்டுக் காலையில் நடுங்கிக்கொண்டு வந்தார்களே, அத்தனையும் நடிப்பு! என் கணவரைத் திரும்பிப் பார்த்தேன். அட்டைப்பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு அவசரமாக வெளியே போனார், கள்ளன். அண்ணையைப் பிடித்துக்கொண்டேன். அவர் குரங்குத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "நான் கூப்பிட்டா நீங்கள் வரமாட்டியள். பொயிலர் கூப்பிட்டா வருவியள்" என்றார். பிறகு பாம்பைச் சுருட்டி என் கையில் கொடுத்தார். நான் அழுதேன். அழுகையை விட அதிகமாகச் சிரித்தேன்.

இந்தக் குளிர்காலத்தில் அக்கா டொராண்டோவுக்குப் போயிருக்கிறார், மகளின் இரண்டாவது பிரசவத்துக்கு. நீண்ட விமானப் பயணத்துக்கு அண்ணையின் முதுகு இடம் கொடுக்காது. அவர் மட்டும் தனியாக இல்ஃபோர்டில். வீடியோவில் பேசினால் குரங்குத் தொப்பி, கழுத்தில் மஃப்ளர், குளிரில் வாயிலிருந்து புகை வருகிறது. குசினிக்குள் புகை! "ஒரு ஆளுக்கு எதுக்கு வீடு முழுக்கச் சூடு?" என்கிறார். ஓயாத இருமல். பின்னால் அடுப்பு துடைத்து வைத்தபடி இருக்கிறது. என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால், பாண், அதாவது கடை ரொட்டி. நேற்று? பாண். ஊருக்கெல்லாம் சமைத்துப் போட்ட மனிதர், தனக்கு ஒரு ரசம் வைத்துக்கொள்ளவில்லை. இங்கே வந்து இருங்கள் என்று நானும் கெஞ்சினேன், இவரும் கெஞ்சினார், என் மகளும் கெஞ்சினாள். "நான் என்ன சின்னப்பிள்ளையோ? சுகமா இருக்கிறன் பிள்ளை, நீங்கள் கரைச்சல்படாதேங்கோ." காரை எடுத்துக்கொண்டு நேரில் போனபோதும் தேநீர் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார். அவர் உதவி செய்ய வருவாரே தவிர, உதவி வாங்க வரமாட்டார். அது எனக்குப் புரிய எத்தனை வருடம் ஆயிற்று பாருங்கள்.

போன சனிக்கிழமை காலையில் போன் போட்டேன். குரலைக் கொஞ்சம் உடைத்துக்கொண்டேன். "அண்ணை, எங்க பாய்லர் நின்னுபோச்சு. இவர் வேலை விஷயமா வெளியூர் போயிருக்கார். பிள்ளை நடுங்குறா. எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல." அந்தப் பக்கம் இருமல் நின்றுவிட்டது. "ஒண்டுக்கும் பயப்படாதேங்கோ. வாறன்!" என்றார். பழைய அதே குரல். சொன்னபடி பஸ் பிடித்து வந்து இறங்கினார், ஒரு கையில் தள்ளுபையில் அந்தப் பழைய ஹீட்டர், இன்னொரு கையில் இஞ்சியும் மிளகும் கம்பளியும் திணித்த மூட்டை.

கதவைத் திறந்ததும்தான் என் முட்டாள்தனம் எனக்கு உறைத்தது. மகளிடம் சொல்லிவைக்க மறந்துவிட்டேன். அவள் கையில்லாத சட்டையும் வெறுங்காலுமாக, ஐஸ்கிரீமை நக்கிக்கொண்டு, "ஹாய் மாமா!" என்று வந்து நிற்கிறாள். அண்ணை அவளை ஒருமுறை பார்த்தார். பிறகு மெதுவாக நடந்து முன்னறைக்குள் போய் ரேடியேட்டரின் மேல் உள்ளங்கையை வைத்தார். சுட்டிருக்க வேண்டும், சட்டென்று எடுத்துவிட்டார். என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"ஓம்," என்றார் அண்ணை, தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு. "சரியான குளிர்தான். மெக்கானிக் வர எத்தினை நாள் எடுக்குமாம்?"

"அக்கா திரும்பி வர்ற வரைக்கும் ஆகும்னு சொல்லிட்டாங்க அண்ணை."

அவர் மூட்டையை எடுத்துக்கொண்டு குசினிப் பக்கம் நடந்தார்.

"அப்ப ஏன் பாத்துக்கொண்டு நிக்கிறியள்?" என்றார் போகிறபோதே. "பாம்பை வையுங்கோ."