ஆல்பத்துக்கு வைத்த திருஷ்டிப் பொட்டு

பத்து வயதில் நான் செய்த உபகாரங்கள் எதுவும் உருப்படியாக முடிந்ததில்லை. அவற்றில் சித்தியின் ஆல்பத்துக்குச் செய்ததுதான் படுமோசம்.

சித்தி அம்மாவின் தங்கை. ரமணாசிரமம் பக்கத்தில் ஒரு விடுதியில் வரவேற்பு வேலை. தங்க வந்த யாரோ விட்டுப்போன கிடாரில் தானே பழகி, தானே எழுதி, தானே மெட்டுப்போட்டு ஐந்து பாட்டுகளை யூடியூபில் ஏற்றினாள். ஒன்றுகூடச் சாமி பாட்டு இல்லை. பஸ்ஸைத் தவறவிட்டதைப் பற்றி ஒன்று, கொடியில் நனைந்த துணியைப் பற்றி ஒன்று, இப்படி. அடுத்த ஆல்பத்துக்கும் நோட்டில் பாதி எழுதியிருந்தாள். இது நாலு பேருக்குப் பிடித்தால்தான் அது என்று சொல்லியிருந்தாள்.

அடி அண்ணாமலையில் மாமாவுக்கு ஜூஸ் கடை. பௌர்ணமியன்று சாயங்காலம் கடை ஸ்பீக்கரில் தங்கையின் பாட்டைப் போட்டார். மலை சுற்ற வந்த பெரியவர் ஒருவர் ஜூஸைக் குடித்து முடித்துவிட்டு, "பாட்டு நல்லாத்தான் கீது. சாமி பாட்டு எதனா இருந்தா போடுங்களேன்" என்றார். மாமா மாற்றிவிட்டார். பக்கத்தில் நின்ற சித்தி சிரித்துச் சமாளித்தாள்.

யூடியூபில் ஒரு வாரம் ஆகியும் ஒரு கமெண்ட்கூட வரவில்லை. தங்கை போனையே பார்த்துக்கொண்டிருப்பது அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. வீட்டிலிருந்த போன்களை எல்லாம் என்னிடம் கொடுத்து, புதுப்புதுப் பெயர்களில் எழுதச் சொன்னாள். அவள் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். அருமையான வரிகள். தேன் மாதிரி குரல். கேட்டு கண்ணு கலங்கிடுச்சு.

பத்துப் பன்னிரண்டு சேர்ந்ததும் எனக்குப் பகீரென்றது. இத்தனை புகழ்ச்சி ஒரே இடத்தில் இருந்தால் கண் பட்டுவிடாதா? தம்பியைக் குளிப்பாட்டிப் பவுடர் போட்ட கையோடு அம்மா கன்னத்தில் மைப்பொட்டு வைப்பாள். கட்டுகிற வீட்டுக்குக்கூடப் பூசணிக்காயில் கோர முகம் வரைந்து தொங்கவிடுகிறார்கள். சித்தியின் ஆல்பத்துக்கு யார் வைப்பது? நானே வைத்தேன். டிவி பாட்டுப் போட்டி நடுவர் பேசுவதைப் போல, ஒரு ஆண் பெயரில் எழுதினேன்: 'வரிகள் பரவாயில்லை. குரல் ரொம்ப சுமார். வேறு யாரையாவது பாட வைத்திருக்கலாம்.' யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பலிக்காது என்று நானாக ஒரு சட்டம் வைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சித்தி வீட்டுக்கு வந்தாள். போனை அம்மாவிடம் நீட்டினாள்.

"கண்ணு கலங்கிடுச்சுன்னது நீதானேக்கா? இதெல்லாம் நம்ம வூட்டு வேலைன்னு எனக்குத் தெரியாதா?"

அம்மா அசடு வழிந்தாள்.

"இது ஒண்ணுதான் வெளியாளு எழுதுனது" என்று சித்தி என்னுடையதைக் காட்டினாள்.

"எவனோ வேலையத்தவன். அத வுடுடி."

"இல்லக்கா. முன்ன பின்ன தெரியாதவரு. பொய் சொல்லி அவருக்கு என்ன ஆவப்போவுது?"

நான் தம்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறந்தால் முதுகில் நாலு விழும். அதோடு, பொட்டு வேலை செய்ய இரண்டு நாள் ஆகும், அப்புறம் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நம்பினேன். அந்த வாரமே சித்தி ஐந்து பாட்டுகளையும் யூடியூபிலிருந்து எடுத்துவிட்டாள். பிறகு அவள் பாடி நான் கேட்கவில்லை.

போன பொங்கலுக்குத்தான் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பத்து வயசுப் புள்ளைக்கே தெரிஞ்சிருக்கு பாரேன், என் குரல் சுமார்னு" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

அந்த ஐந்து பாட்டும் எனக்கு அப்போதே மனப்பாடம். எனக்குப் பிடித்திருக்கிறது என்று மட்டும் அவளிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. சின்னப் பிள்ளை சொன்னால் அது ஒரு பேச்சா என்று நினைத்துவிட்டேன்.