உமையாளின் குடலும் ஒரு பால்குடமும்

என் பக்கத்து வீட்டு உமையாளுக்கு வாய் பெரிது, மனசு அதைவிடப் பெரிது, குடல் மட்டும் சரியில்லை. சுங்கைப் பட்டாணியில் கையுறை ஃபேக்டரியில் வேலை. புக்கிட் செலம்பாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் போகிற வழியில் எந்தப் பெட்ரோல் ஸ்டேஷனில் கழிவறை சுத்தம், எதில் சாவி கேட்டு வாங்க வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ரத்தமும் சளியுமாகப் போய்க்கொண்டிருந்தது. அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஆள் பாதியாக இளைத்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

தெரிந்த பிறகு ஊர் சும்மா இருக்குமா? உடம்புச் சூடு என்றார்கள், பூச்சி என்றார்கள். எதிர்ப்பு சக்தி குறைந்துவிட்டது என்று எதிர்வீட்டு பிரேமலா ஒரு மாவு டப்பாவோடு வந்து நின்றாள். எனக்கு எரிச்சலாக வந்தது. நானே அவளை இழுத்துக்கொண்டு அலோர் ஸ்டார் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

டாக்டர் ஹேமநாதன் முதலில் கிருமித் தொற்றா என்று மலத்தைச் சோதித்தார். இல்லை. பிறகு கேமரா வைத்த குழாய் விட்டுப் பார்த்தார். சிறுகுடல் முடிகிற இடத்தில் புண் புண்ணாக இருந்தது.

"அக்கா, குடல்ல கோடிக்கணக்குல கிருமி குடியிருக்கு. பெரும்பாலும் நல்லதுதான், செரிக்க ஒத்தாசை பண்ணும். உடம்போட காவல் படை, கெட்டது நுழைஞ்சா அடிக்கணும். அடிச்சு முடிச்சா நிறுத்தணும். குடியிருக்கிறதைப் பொறுத்துக்கணும். உங்களுக்கு அந்த நிறுத்துற வேலை கெட்டுப்போச்சு. படை சும்மாவே அடிச்சிக்கிட்டிருக்கு, அடி பூரா குடல் சுவர்ல விழுது."

"அப்ப எதிர்ப்பு சக்தி மாவு?" என்றேன் நான்.

"வேணாம்லா. உங்க படைக்குச் சக்தி குறையல, அடங்கத்தான் தெரியல."

படையை அடக்க கேப்சூல் எழுதிக் கொடுத்தார். கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் நின்றது. உமையாள் பயமில்லாமல் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்த அன்று அவள் புருஷன் வசந்தன் எதிரே உட்கார்ந்து கடைசிப் பருக்கை வரை பார்த்துக்கொண்டே இருந்தான். தன் குடல் ஆறினால் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாக அவள் வேண்டியிருந்தாள். வேண்டியபடி விரதமும் தொடங்கினாள்.

அங்கேதான் வந்தது வினை. மருந்து வாங்கப் போன இடத்தில், கேப்சூலின் கூடு எதில் செய்தது என்று கேட்டிருக்கிறாள். கவுண்டரில் இருந்த மலாய்க்காரப் பெண் தங்கமானவள். கவலைப்படுகிறாளே என்று அன்பாக, "ஜாங்ஙான் ரிசாவ் காக், ஹலால்! பாபி இல்லை, லெம்புதான்" என்று சொல்லிவிட்டாள். கவலைப்படாதே அக்கா, பன்றி இல்லை, மாடு! அந்தப் பெண்ணுக்கு அது ஆறுதல். மாலை போட்ட உமையாளுக்கு உயிரே போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும் மருந்துப் பெட்டியை முருகன் படத்துக்குப் பின்னால் சொருகிவிட்டாள். சாமி பார்த்துக்கொள்வார் என்று நினைப்பு. யாரிடமும் ஒரு வார்த்தை இல்லை.

தைப்பூசம் நெருங்க நெருங்க அவள் மறுபடியும் பெட்ரோல் ஸ்டேஷன்களில் மோட்டாரை நிறுத்தினாள். ஒருநாள் வசந்தன் கழிவறையில் ரத்தத்தைப் பார்த்துவிட்டான். கோயில் பக்கமே போகாதவன் அவன், விரதம் என்றாலே கிண்டலடிப்பவன். அன்றைக்குக் கத்தவில்லை. கடன் கேட்பவன்போல என் வீட்டு வாசலில் வந்து நின்று, "அக்கா, அவளுக்கு மறுபடியும் ரத்தம் போகுது, ஆஸ்பத்திரிக்கு நீங்களும் வாங்கக்கா" என்றான்.

ஹேமநாதன் மறுபடியும் முதலிலிருந்தே சோதித்தார். "கிருமி வந்தாலும் இப்படித்தான் போகும். உள்ள கிருமி இருக்கும்போது படையை அடக்கிட்டா ஆபத்து." கிருமி இல்லை. "மருந்தை ஏன் நிறுத்துனீங்க? திடீர்னு நிறுத்தவே கூடாத மருந்து இது."

வரும் வழியில்தான் உமையாள் எங்களிடம் காரணத்தைச் சொல்லியிருந்தாள். வசந்தன்தான் சொன்னான்: "கூடு மாடாம், டாக்டர்."

அவர் சிரித்திருந்தால் நான் ஏதாவது கேட்டிருப்பேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு கேப்சூலைப் பிரித்துத் தாளில் கொட்டினார். ஜவ்வரிசியைவிடச் சின்ன மணிகள். "மருந்து இதுதான், கூடு வெறும் சட்டை. எல்லா கேப்சூலையும் பிரிக்கக் கூடாது, இதைப் பிரிக்கலாம். மெல்லாம முழுங்கணும். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேக்கா." பிறகு, இந்த வருஷம் குடம் தூக்கி வெயிலில் நடக்கக் கூடாது என்றும் சொன்னார்.

மருந்தை நிறுத்தியபோது அழாதவள் அதற்கு அழுதாள். "எந்தக் குடலுக்காக வேண்டிக்கிட்டேனோ, அந்தக் குடலே எடுக்க விடலையே."

அடுத்த நாளிலிருந்து வசந்தன் கோழி தொடவில்லை. ஏனென்று நான் கேட்டதற்கு, "சும்மாதான்லா" என்றான்.

தைப்பூசத்தன்று மஞ்சள் வேட்டி கட்டி, கொதிக்கிற தார் ரோட்டில் வெறுங்காலோடு, அவன் குடம் சுமந்து வந்தான். உமையாளும் நானும் கோயிலில் நாற்காலி போட்டுக் காத்திருந்தோம். ஐயர் குடத்தை வாங்கி யார் பேருக்கு என்று கேட்டார். "உமையாள், உத்திர நட்சத்திரம்" என்றான், யோசிக்காமல். அவனுக்கு அது தெரியும் என்று அவளுக்கே தெரியாது.

பால் முருகன்மேல் வழிந்துகொண்டிருந்தது. உமையாள் பையிலிருந்து அன்றைய கேப்சூலை எடுத்தாள். படத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்த அதே பெட்டி. கூட்டைப் பிரித்து, ஒரு கரண்டிப் பஞ்சாமிர்தத்தில் மணிகளைக் கொட்டி, சந்நிதிக்கு நேரே நின்று, மெல்லாமல் விழுங்கினாள்.

முருகன் ஒன்றும் சொல்லவில்லை.