வெள்ளிக்கிழமைக்குள் கழல வேண்டிய போல்ட்

அத்தை எங்கள் வீட்டில் இருந்தது எட்டு மாதமும் பதினொரு நாளும். எழுபதுகளின் கடைசி, நான் நான்காம் வகுப்பு. அப்பா பெரம்பலூரில் தலைமையாசிரியர். அத்தை அவருடைய ஒரே தங்கை. கல்யாணத்தில் பேசியது ஒன்று, செய்தது ஒன்று என்று அப்பாவுக்கும் அத்தையின் வீட்டுக்காரருக்கும் வார்த்தை தடித்து, அத்தை பெட்டியோடு வந்துவிட்டாள். பெரியவர்களுக்கு அது துக்கம். எனக்கோ அதுபோல ஒரு நல்ல காலம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. தலை வாரி இரட்டைச் சடை பின்னுவது, வாய்ப்பாடு ஒப்பிக்க வைப்பது, ஒரே பாயில் படுத்துக் கதை பேசுவது எல்லாம் அத்தைதான். அம்மாவுக்குக் கைக்குழந்தையான என் தம்பியோடு பொழுது சரியாக இருந்தது.

ஆவணி பிறந்ததும் சென்னையிலிருந்து மாமா கடிதம் போட்டார். வெள்ளிக்கிழமை காலை அரியலூர் ஸ்டேஷனில் இருப்பேன், அனுப்பினால் அழைத்துப் போகிறேன், இல்லையென்றால் இதுவே கடைசிக் கடிதம் என்று எழுதியிருந்தார். எங்கள் வாசலை மிதிப்பதில்லை என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். தங்கையை அனுப்பினால் காரில்தான் அனுப்புவேன், பஸ்ஸில் ஏற்றிவிட மாட்டேன் என்று அப்பாவும் சொல்லியிருந்தார். இரண்டு பேர் வாக்குக்கும் பங்கம் வராத இடம் அரியலூர் ஸ்டேஷன் ஒன்றுதான்.

கார் என்பது தாத்தா விட்டுப்போன பழைய வண்டி. சைலன்சர் குழாய் என்ஜினோடு சேரும் இடத்தில் புகை கசிந்து, டிராக்டர் மாதிரி சத்தம் போடும். அந்தச் சத்தத்தோடு மாப்பிள்ளை முன்னால் போய் நிற்க அப்பாவுக்கு மனமில்லை. புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், ஸ்பானரின் பிடியில் ஓர் இரும்புக் குழாயைச் செருகிக்கொண்டு, அங்கிருந்த நட்டைத் தானே இறுக்கினார். இரண்டாவது இழுப்பில் டொக்கென்றது. துருவேறிய போல்ட் முறிந்து, மீதித் துண்டு என்ஜினோடேயே நின்றுவிட்டது.

மறுநாள் காலை சிறுவாச்சூரிலிருந்து மெக்கானிக் வந்தார். குனிந்து பார்த்துவிட்டு, "ஏன் சார், பள்ளிக்கூடத்துப் பசங்க காதுன்னு நெனச்சிட்டீங்களா?" என்றார். அப்பா சிரிக்கவில்லை. வண்டி எப்படியும் ஓடும், சத்தம்தான் கூடுதலாக வரும் என்று மெக்கானிக் சொன்னதை அப்பா ஏற்கவில்லை. வாசற்படியில் நின்ற அத்தை, "நான் பஸ்ஸுலயே போயிடறேண்ணே" என்றாள். அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

போல்ட் கழன்றால் அத்தை போவாள், கழலாவிட்டால் இருப்பாள் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. வயிற்றுவலி என்று சொல்லிப் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டேன்.

மெக்கானிக் துருவின்மேல் மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்தார். சுத்தியலால் பூப்போலத் தட்டினார். ஒரு விரற்கடை நீட்டிக்கொண்டிருந்த துண்டைக் குறட்டால் கவ்வித் திருகினார். மூன்று முறை வழுக்கியது. மூன்று முறையும் நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். இதற்குமேல் பலம் கொடுத்தால் அடியோடு முறிந்துவிடும், பிறகு என்ஜினைப் பிரித்துத் திருச்சிக்குத்தான் கொண்டுபோக வேண்டும், நாலு நாள் ஆகும் என்றார் அவர். எனக்கு நாலு நாள் போதும்போல இருந்தது.

பிறகு எண்ணெயைத் துடைத்துவிட்டு, ப்ளோ லேம்ப்பைப் பற்றவைத்து அந்த இடத்தைச் சூடாக்கத் தொடங்கினார். "பாப்பா, ஒரு மெழுகுவத்தி கொண்டா." சூடான இரும்பில் மெழுகை வைத்தால், உருகி மரையின் இடுக்குக்குள் தானே இறங்குமாம்.

அடுப்படி மாடத்தில் இரண்டு மெழுகுவர்த்திகள் இருந்தன. இரண்டையும் அரிசி டின்னுக்குள் புதைத்துவிட்டு வந்து, இல்லை என்றேன். அப்பா கடைக்கு அனுப்பினார். தெருத் திருப்பத்தில் நின்று நூறு வரை எண்ணிவிட்டுத் திரும்பி வந்து, கடையிலும் இல்லை என்றேன்.

"பெரம்பலூர் டவுனுலயே மெழுகுவத்தி இல்லயா? அப்ப கரண்டு போனா எல்லாரும் என்னதாங்க பண்றீங்க?" என்றார் மெக்கானிக்.

மதியத்துக்கு உலை வைக்க அத்தை அரிசி அளக்கப் போவாள் என்பதை நான் யோசிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் தவிடு ஒட்டிய மெழுகுவர்த்தியை முந்தானையில் துடைத்தபடி வெளியே வந்தாள். "இந்தாங்க" என்று நீட்டினாள். என்னைப் பார்க்கவில்லை.

மெழுகு புகைந்து உள்ளே இறங்கியது. ஆறியதும் குறடு மறுபடி கவ்வியது. கிறீச்சென்று ஒரு முனகல். மெக்கானிக் கால் சுற்றுக் கழற்றுவார், அதில் பாதியைத் திரும்ப இறுக்குவார், மறுபடி கழற்றுவார். பன்னிரண்டு பத்துக்குத் துண்டு வெளியே வந்து விழுந்தது. என் முதுகுக்குப் பின்னால் யாரோ "அப்பாடி" என்றார்கள். அத்தையின் குரல் என்று தெரிந்தும், நான் திரும்பிப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை விடியும்போது எனக்குச் சடை பின்னிவிட்டுத்தான் அத்தை தலைக்குக் குளித்தாள். அடம்பிடித்து நானும் காரில் ஏறிக்கொண்டேன். அரியலூர் ஸ்டேஷன் வாசலில் மாமா கைப்பையோடு நின்றிருந்தார், போன தடவை பார்த்ததைவிட இளைத்து. காரைப் பார்த்தார். "வண்டி சத்தமே இல்லாம வருதே" என்றார். அப்பா "ம்" என்றார். எட்டு மாதத்துக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான். பெட்டியைத் தூக்க இருவரும் ஒரே சமயம் குனிந்தார்கள்.

ரயில் ஜன்னலிலிருந்து அத்தை கை நீட்டி என் சடையைத் தொட்டாள். "இறுக்கிப் பின்னியிருக்கேன்டி. நாளைக்கும் கலையாது."

நாளைக்கு மறுநாள் என்ன செய்வது என்று கேட்பதற்குள் ரயில் நகர்ந்துவிட்டது.

திரும்பும் வழியில், அத்தை மறுபடி நம் வீட்டில் இருக்க எப்போது வருவாள் என்று அப்பாவிடம் கேட்டேன். "அப்படி வரவே கூடாதுன்னு வேண்டிக்க, பாப்பா" என்றார். சொந்தத் தங்கையைப் பற்றி இப்படிச் சொல்கிறவரோடு இனிமேல் பேசுவதில்லை என்று அந்த நிமிடமே முடிவு செய்தேன்.

இரண்டு மைல் போயிருப்போம். அப்பா காரை ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி, இறங்கி, பானெட்டைத் தூக்கினார். தூக்கிய தகடு அவரை மறைத்துக்கொண்டது. கீழே வேட்டிக் கரையும் செருப்பும் மட்டும் தெரிந்தன. ஸ்பானர் சத்தம் எதுவும் கேட்கவில்லை. நெடுநேரம் அப்படியே நின்றார்.

வண்டி மறுபடி கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். கெடுவதென்றால் காலையிலேயே கெட்டிருக்கக் கூடாதா என்று ஆத்திரத்தோடு சீட்டில் உட்கார்ந்திருந்தேன்.