பூட்டிய சிப்பாய்கள்

கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்து சீட்டுக்காரனுக்குப் போன வருஷம் பக்கவாதம் வந்தது. அதுவரை திருக்கழுக்குன்றத்திலிருந்து மறைமலைநகர் போய்ச் சேரும்வரை எங்கள் மடிகளுக்கு நடுவே ஒரு காந்த செஸ் போர்டு இருக்கும். அவன் வீடு இருப்பதோ சதுரங்கப்பட்டினத்தில். ஆனால் என்னைவிட மோசமாக ஆட இந்தத் தாலுகாவில் அவன் ஒருவன்தான் கிடைத்தான். நட்பின் ரகசியம் அதுதான்.

வீட்டோடு முடங்கியபின் செல்போனில் ஆடினோம். திடீரென்று அவன் தோற்பதை நிறுத்தினான். வரிசையாகப் பதினோரு ஆட்டம் என்னைத் துவைத்துக் காயப்போட்டான். ராணியைத் தொலைத்துவிட்டுத் தேடுகிறவன், இப்போது ஒரு சிப்பாயைக்கூடச் சும்மா தரவில்லை. ஆடுவது அவனல்ல, கம்ப்யூட்டர் என்று எனக்கே புரிந்துவிட்டது.

ரோஷம் வந்தது. கிராண்ட்மாஸ்டர்கள் கம்ப்யூட்டரை எப்படிச் சமாளித்தார்கள் என்று யூடியூபில் தேடினேன். கணக்குப் போடுவதில் அதனிடம் நிற்க முடியாது. அதனால் வெட்டுக்குத்துக்கே போகாமல், சிப்பாய்களை எதிரெதிரே முட்டவைத்துப் பலகையையே பூட்டிவிடுவார்களாம். அந்தக் காலத்து மெஷினுக்கு அப்புறம் என்ன செய்வதென்று தெரியாதாம். இப்போதைய மெஷின்களிடம் அது அவ்வளவாகப் பலிக்காதாம். ஆனால் அவனுடையது ஏதோ ஓசி ஆப்தானே என்று நானும் பூட்டினேன். அவன் யானை எங்கள் சூப்பர்வைசர் மாதிரி இங்கும் அங்கும் நடந்துகொண்டே இருந்தது. உடனே போன் போட்டேன்.

"இன்னா மச்சான், உன் மெஷினு பேஜாராயிடுச்சா?"

அவன் போனை மனைவியிடம் கொடுத்துவிட்டான். அவள்தான் பேசினாள். "அண்ணா, அவருக்கு குதிரை எப்டி போவும்னே மறந்துபூட்ச்சு. ஆடலைன்னா நீங்க போன் பண்றத வுட்ருவீங்கன்னு பயந்துகினு கீறாரு."

அந்த ஞாயிற்றுக்கிழமை பழைய போர்டோடு அவன் வீட்டுக்குப் போனேன். இடது கையால் குதிரையை எடுத்து நேராக நாலு கட்டம் ஓட்டினான். பஸ்ஸாக இருந்தால் டிரைவர்வரை கேட்கும்படி கத்தியிருப்பேன். இப்போது பெரிய மனிதனாகி, அதைக் கண்டுகொள்ளாமல் என் சிப்பாயை நகர்த்தினேன்.

அவன் குதிரையைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"தப்புதான?" நாக்கு குழறியது. "ஏன்டா சொல்லல?"

அவன் போர்டை மடித்து என் பக்கம் தள்ளினான்.

பூட்டிக் கிடந்த அந்த ஆட்டம் செல்போனில் இன்னும் இருக்கிறது. பூட்டு திறக்கட்டுமென்று என் குதிரை ஒன்றைச் சும்மா கொடுத்துப் பார்த்தேன். திரும்பவும் அதே தப்பு, விட்டுக்கொடுப்பது.

அவன் முறை என்றே காட்டிக்கொண்டிருக்கிறது.