போன மாதம் கேட்ட மருந்து

உடம்புக்குப் பழகிப்போன மருந்து வேலை செய்யாது. ஆனால் பழி மருந்தைச் சேராது, கலக்கிக் கொடுத்த கம்பவுண்டரைத்தான் சேரும். இரண்டாம் உலக யுத்த காலத்திலும் அதற்குப் பிறகும் திருத்தணி மலையடிவாரத்தில் ஒரு டாக்டரிடம் நான் கம்பவுண்டர். மருந்து கொடுத்து ஏச்சு வாங்கிய சகாக்களே, உங்களுக்குத் தெரியாததில்லை. இருந்தாலும் வயிறு எரிகிறது, சொல்கிறேன்.

தூக்க மருந்து

அரக்கோணத்து ரயில் டிரைவர் ஒருவருக்கு டூட்டி முடிந்து வந்தால் தூக்கம் பிடிக்காது. முதலில் ஒரு மடக்கு மருந்திலேயே ஆள் சாய்ந்துவிட்டார். போகப்போக அளவு ஏறியது. பிறகு அதற்கும் மசியவில்லை. "தினமும் குடித்தால் உடம்பு பழகிவிடும், கொஞ்ச நாள் விட்டுப் பாருங்கள்" என்று கெஞ்சினேன். டிஸ்பென்சரி நிறைய ஜனம். அத்தனை பேர் பார்க்க சீசாவைத் தூக்கி ஆட்டினார்:

"சரவணப் பொய்கைத் தண்ணியப் புடிச்சி ஊத்திக்கினு எனக்கே பாடம் சொல்றியா?"

பாதி மாத்திரை

பொதட்டூர்பேட்டை நெசவாளி ஒருவர் மனைவியை மாட்டுவண்டியில் படுக்கவைத்துக் கொண்டுவந்தார். நிமோனியா. அதற்கு அப்போது இருந்த சல்பா மாத்திரை தலைகீழாக நின்றாலும் கிடைக்காத காலம் அது; எப்படியோ தேடிப்பிடித்துக் கொடுத்தேன். "காய்ச்சல் விட்டாலும் நிறுத்தாதே, முழுசும் கொடு" என்று படித்துப் படித்துச் சொன்னேன். காய்ச்சல் விட்டது, மாத்திரையும் நின்றது. மீதி, மச்சானின் பல்வலிக்குத் தானம்!

மறுபடி காய்ச்சல், மறுபடி அரைகுறை மாத்திரை. அடுத்த தடவை அந்த அம்மாள் மூச்சுக்குத் திணறிக்கொண்டு வந்தாள். அதே மாத்திரையை முழு அளவில் கொடுத்தும் நோய் கேட்கவில்லை. டாக்டரே கூட ரயிலேறிப் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார். அப்போதுதான் வந்திருந்த பென்சிலின் ஊசியால் பிழைத்தாள். ஊர் திரும்பியதும் புருஷன் நேராக என்னிடம் வந்தார். கண் கலங்கியிருந்தது. நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று எழுந்து நின்றேன்.

"ஒத்தை ஊசில போற நோவுக்கு மாத்திரை குடுத்து அலக்கழிச்சியே நைனா, இது நாயமா?"

சிவப்புத் தண்ணீர்

மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சரம்மா தலைவலிப் பொடியைத் தினமும் தின்றுதின்று, அந்தப் பொடியாலேயே தலைவலி வரும் நிலைக்கு வந்துவிட்டார். நிறுத்தச் சொன்னால் அழுகை. கடைசியில் டாக்டர், பொடிக்குப் பதில் தண்ணீரில் சிவப்புச் சாயமும் சர்க்கரைப் பாகும் கலந்து கொடுக்கச் சொன்னார். இது என்ன வைத்தியம் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் கொடுத்தேன். கொஞ்ச நாளில் வலி போய், சிரித்த முகத்தோடு வந்து நின்றார்:

"இது மருந்து! இத்தினி நாளா நீங்க குடுத்தது சுண்ணாம்புத் தூளுங்க."

எத்தனை தரம் உட்கொண்டாலும் வீரியம் குறையாத ஒரே சரக்கு, நோயாளி வாயிலிருந்து வரும் வசவுதான்.