பச்சைப் பொத்தான்

ஆபீசில் முதுகுக்குப் பின்னால் அவரை வாட்ச்மேன் என்பார்கள். முகத்துக்கு நேரே சார். அவர் காவல் காத்தது கேட்டை அல்ல, ஒரு பொத்தானை. பெயிண்ட், டைல்ஸ், பைப் என்று வீடு கட்டத் தேவையானதை எல்லாம் விற்கும் ஒரு பெரிய குழுமத்தின் முப்பத்தோரு இணையதளங்கள் அவர் பொறுப்பில் இருந்தன. முப்பத்தொன்றும் ஒரே மென்பொருளின் மேல் நின்றன. பெயிண்ட் பிரிவுக்காரர்கள் பெயிண்ட் பக்கத்தை எழுதலாம், படம் வைக்கலாம், 'ஒப்புதலுக்கு அனுப்பு' என்று அழுத்தலாம். அதோடு அவர்கள் பாடு முடிந்தது. பக்கம் வாட்ச்மேனின் திரையில் வந்து வரிசையில் நிற்கும். அந்தத் திரையில் 'வெளியிடு' என்று ஒரு பச்சைப் பொத்தான். அதை அவர் அழுத்தினால்தான் உலகம் அந்தப் பக்கத்தைப் பார்க்கும்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. பிரிவுத் தலைவர்களே சரி என்று சொன்ன பக்கத்தைக்கூட அவர் திருப்பி அனுப்புவார். லோகோவின் சிவப்பு கொஞ்சம் மங்கல். லோகோவைச் சுற்றி விட வேண்டிய இடம் போதாது. தலைப்பு இரண்டு வரியைத் தாண்டிவிட்டது. திருப்பி அனுப்பும்போது காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. அதில் 'பிராண்ட் விதி 14' என்று மட்டும் எழுதுவார். விதி பதினான்கு என்ன சொல்கிறது என்று தேடிப் படிப்பது அனுப்பியவர் தலையெழுத்து. விதிப் புத்தகத்தை எழுதியதும் அவரேதான்.

வேலை தெரியாதவர் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். அவர் வந்து சேர்ந்தபோது அந்தக் கம்பெனியின் தளங்கள் ஒட்டுப்போட்ட போர்வை மாதிரிதான் இருந்தன. ஆளாளுக்கு மச்சானையும் மருமகனையும் வைத்துச் செய்த தளங்கள். லோகோ ஒன்றில் சிவப்பு, ஒன்றில் ஆரஞ்சு, ஒன்றில் சப்பையாக நசுங்கி. எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்து, மேல்பட்டை, அடிப்பட்டை, பொருள் அட்டை, கிளை முகவரி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு அச்சு செய்து, யார் வார்த்தாலும் ஒரே மாதிரி வரும்படி ஆக்கியவர் அவர். அதற்கு இரண்டு வருஷம் ஆனது. அந்த இரண்டு வருஷத்தில் அவர் நல்லவராகக்கூட இருந்தார் என்று பழைய ஆட்கள் சொல்கிறார்கள்.

அப்புறம்தான் பொத்தான் பைத்தியம் பிடித்தது. ஆரம்பத்தில் நான்கு பேருக்கு வெளியிடும் அனுமதி இருந்தது. ஒருவர் ஓய்வு பெற்றார், இன்னொருவர் வேறு பிரிவுக்குப் போனார். அந்த இடங்களை அவர் நிரப்பவில்லை. மூன்றாவது ஆள் அவருடைய டெபுட்டி, அடுத்த நாற்காலியில் இருந்த பெண். ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடங்கில் தீ விபத்து. அவள் வீட்டிலிருந்தே வாடிக்கையாளர்களுக்கு ஒரு அறிவிப்பை வெளியிட்டாள். நல்ல காரியம். ஆனால் லோகோ எழுத்தை ஒட்டி நின்றுவிட்டது. திங்கட்கிழமை காலை அவர் அவளுடைய அனுமதியை எடுத்தார். ஆபீஸ் வலையமைப்புக்கு வெளியிலிருந்து யாரும் எதையும் வெளியிட முடியாது என்று ஒரு பூட்டும் போட்டார்.

"அவசரத்துக்கு இன்னொருத்தர் வேணும் சார்," என்றாள் டெபுட்டி.

"அவசரம்னா நான் இருக்கேன்."

அவர் எங்கேயும் போகிற ஆள் இல்லை, உண்மை. கல்யாணம் ஆகவில்லை. ஊரில் இருந்த அக்கா இருபது வருஷம் பெண் பார்த்து ஓய்ந்து போனாள். ஒப்புதலுக்கு வந்த பக்கத்தைப் பார்ப்பது போலத்தான் அவர் ஒவ்வொரு பெண்ணின் போட்டோவையும் பார்த்தார். எல்லாம் திரும்பிப் போயின. அக்காவுக்கு அதிலும் பெருமை. அம்மா போனபோது அவருக்கு ஆறு வயது, அக்காவுக்குப் பதினைந்து. சோறு ஊட்டியது, அடித்தது, பரீட்சைக்குப் போகச் சாலை தாண்டிவிட்டது எல்லாம் அவள்தான். 'என் தம்பி இல்லாம அந்தக் கம்பெனியில ஒரு எழுத்து வெளிய போகாது' என்று பால் வாங்கப் போன இடத்தில்கூடச் சொல்வாள். தம்பியைப் பற்றிச் சரியாகப் புரிந்துகொண்ட ஒரே ஆள் அவள். புரிந்துகொண்டதை வைத்துச் சந்தோஷப்பட்ட ஒரே ஆளும் அவள்தான்.

அந்த அக்காவுக்கு ஈரல் கெட்டுப்போய், இனி செய்ய ஒன்றும் இல்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமை காலை அக்கா மகள் போன் செய்தாள்.

"மாமா, மூணு நாளோ நாலு நாளோன்னு சொல்றாங்க. அம்மா உங்களத்தான் கேட்டுட்டே இருக்காங்க. கெளம்பி வாங்க."

"வரேம்மா. இங்க ஒரு சின்ன வேலை."

அந்தச் சின்ன வேலை என்னவென்றால், கம்பெனியின் சேர்மனும் சாகக் கிடந்தார். எண்பத்தேழு வயது, நுரையீரலில் சளி, மூச்சுக்கு மெஷின். பெரிய கம்பெனிகளில் இதற்கெல்லாம் முன்கூட்டியே ஒரு பக்கம் தயாராக இருக்கும், யார் கண்ணிலும் படாமல் உள்ளே உறங்கும். சேர்மன் கண்ணை மூடியதும் முப்பத்தோரு தளங்களிலும் சிவப்பு எல்லாம் சாம்பல் நிறமாகி, நடுவில் அவர் படமும் இரங்கல் செய்தியும் வர வேண்டும். அரை மணி நேரத்துக்குள் வர வேண்டும் என்பது சேர்மன் குடும்பத்தின் கட்டளை. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்.

வாட்ச்மேன் அந்தப் பக்கத்தில் மூன்று வாரம் உழைத்திருந்தார். எந்தச் சாம்பல் நிறம் என்பதற்கே ஒரு வாரம். சேர்மனின் சிரித்த படமா, சிரிக்காத படமா என்பதற்கு இன்னொரு வாரம். எல்லாம் நிறைந்த அந்தப் பக்கத்தில் இறந்த தேதிக்கு மட்டும் ஒரு காலிக் கட்டம். தினமும் காலை ஒன்பது மணிக்கு அதில் அன்றைய தேதியை எழுதி, சரியாக உட்கார்கிறதா என்று பார்ப்பார். சாயங்காலம் கிளம்பும்போது அழித்துவிடுவார். பிழைத்துக்கொண்டார் என்று ஒரு பெருமூச்சு விட்டாரா, இன்றும் வீண் என்று விட்டாரா, அது அவருக்கே வெளிச்சம்.

அந்த வருஷம் அவருடைய பிரிவுக்குப் புதிதாக ஒரு மேடம் தலைவியாக வந்திருந்தாள். வந்த வாரமே ஒரு கூட்டத்தில், 'இந்த ஒரு பொத்தானுக்கு ஒரு முழு ஆள் எதுக்கு?' என்று சாதாரணமாகக் கேட்டுவிட்டாள். கேட்டவள் மறந்திருப்பாள். இவர் மறக்கவில்லை. அரை மணி நேரக் கட்டளை வந்தபோது மேடம் கேட்டாள்: "நீங்க இல்லாத நேரத்துல நடந்தா?"

"நான் இல்லாத நேரம்னு ஒண்ணு இல்ல மேடம்."

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அக்காவே பேசினாள். மகள் காதோடு போனை வைத்துப் பிடித்திருக்க வேண்டும்; மூச்சு முதலில் கேட்டது, பேச்சு பின்னால் வந்தது.

"எப்படா வர்ற?"

"நாளைக்குக்கா. சேர்மனுக்கு ரொம்ப முடியல. நான் இல்லாம இங்க ஆகாது."

"சரி," என்றாள். மகள் போனை வாங்கி ஏதோ சொல்ல வந்தபோது அவர் சிரிக்காத படத்தை இரண்டு புள்ளி மேலே நகர்த்திக்கொண்டிருந்தார். அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டார்.

டெபுட்டிக்குக் காது உண்டு. புதன்கிழமை காலை அவளே எழுந்து வந்து நின்றாள்.

"சார், எனக்கு அனுமதி குடுத்துட்டுக் கெளம்புங்க. ரெண்டு நிமிஷ வேலை. நீங்க வந்ததும் திரும்ப எடுத்துக்குங்க. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

அவள் போன பிறகு அவர் அனுமதித் திரையைத் திறந்தார். அவள் பெயர் இருந்தது. பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம். டிக் போட்டார். 'சேமிக்கவா?' என்று திரை கேட்டது. பச்சைப் பொத்தான் இன்னொரு கையில் இருந்தாலும் வேலை நடக்கும் என்று மேடம் கண்ணால் பார்த்துவிட்டால், அந்தக் கூட்டத்தில் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். அவர் டிக்கை எடுத்தார். திரும்பப் போட்டார். பன்னிரண்டு மணி வரை இதே கூத்து. கடைசியில் எடுத்துவிட்டுச் சாப்பிடப் போனார். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். இவருக்குச் சதையும் சும்மா இருந்தது. வைக்கோற்போரில் படுத்த நாய்க்காவது கூப்பிட ஒரு அக்கா இல்லை.

வியாழக்கிழமை காலை ஏழே முக்காலுக்கு அக்கா போய்விட்டாள். மகள் போனில் அழவில்லை. "மாமா, அம்மா போயிட்டாங்க. நாலு மணிக்கு எடுக்கறோம்," என்றாள்.

ஐந்து மணி நேரப் பஸ் பயணம். உடனே கிளம்பியிருந்தால் ஒரு மணிக்கு அங்கே இருந்திருக்கலாம். அவர் குளித்து, சட்டை மாற்றி, ஆபீசுக்குப் போனார். காலிக் கட்டத்தில் வியாழக்கிழமைத் தேதியை எழுதினார். ஒன்பதரை மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து குறிப்பு வந்தது: சேர்மன் நிலை சீராக இருக்கிறது, இரவு நன்றாகத் தூங்கினார். அதைப் படித்த பிறகுதான் பையை எடுத்தார். டெபுட்டியிடம் விஷயத்தைச் சொன்னபோது அவள் முகம் வாடியது. அனுமதியைப் பற்றி இருவரும் பேசவில்லை. ராத்திரிக்குள் திரும்பிவிடலாம் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். பத்து மணிப் பஸ் பிடித்தார்.

பன்னிரண்டரைக்கு மேடத்திடமிருந்து ஒரு வரி வந்தது: சேர்மன் காலமானார், ஒரு மணிக்கு அறிவிப்பு. பஸ் பாதி வழியில் இருந்தது. அவர் எழுந்து டிரைவரிடம் போய், "இங்கேயே நிறுத்துங்க," என்றார். என்ன ஆச்சு என்று கண்டக்டர் கேட்டார். "ஒரு சாவு," என்றார். பஸ்ஸில் இருந்த எல்லாரும் பாவம் என்று பார்த்தார்கள். வழியனுப்பப் போகிறவர் என்றுதான் நினைத்திருப்பார்கள். அவர் அக்காவின் பக்கம் போகும் பஸ்ஸை விட்டு இறங்கி, சாலையைத் தாண்டி, எதிர்ப்பக்கம் போய் நின்றார்.

எதிர்ப்பக்கத்தில் நிழல் இல்லை. ஒரு டயர் கடையும் பூட்டிய டீக்கடையும் இருந்தன. திரும்பிப் போனால் மூன்று மணி ஆகும். அரை மணி நேரம் என்று சொன்ன குடும்பம் இரண்டரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். மேடத்துக்குப் போன் செய்தார், எடுக்கவில்லை. டெபுட்டிக்குச் செய்தார், வேறு அழைப்பில் இருந்தாள். வியர்வை கண்ணில் இறங்கியது. நான் வரும் வரை எதையும் தொடாதீர்கள் என்று ஒரு செய்தி தட்டினார். மனிதர் அப்போது உள்ளுக்குள் கொஞ்சம் நிமிர்ந்துதான் நின்றார். முப்பத்தோரு தளமும் தன் ஒரு விரலுக்காகக் காத்திருக்கிறது என்ற நினைப்பு. எத்தனை வருஷம் ஆசைப்பட்ட நாள்.

ஒன்று ஐந்துக்கு ஏதோ தோன்றி, போனில் கம்பெனித் தளத்தைத் திறந்தார். சாம்பல் நிறம். நடுவில் சிரிக்காத படம். தேதிக் கட்டத்தில் அவர் காலையில் எழுதி வைத்த தேதி. பெயிண்ட் தளத்தைத் திறந்தார், டைல்ஸ் திறந்தார், பைப் திறந்தார். எல்லாம் சாம்பல்.

டெபுட்டி அப்போது திரும்ப அழைத்தாள்.

"சாரி சார், லைன்ல இருந்தேன். மென்பொருள் வித்தவங்க உதவி மையத்துக்குப் பேசினோம். அவங்ககிட்ட தலைமைக் கணக்குன்னு ஒண்ணு எப்பவும் இருக்குமாம் சார். எட்டு நிமிஷத்துல தொறந்து குடுத்துட்டாங்க. ஒப்பந்தத்துலயே இருக்காம்."

ஒப்பந்தத்தை அவரும் பார்த்திருந்தார். அட்டையில் லோகோ சரியான சிவப்பில் இருக்கிறதா என்று.

"அப்ப..." என்றார்.

"எல்லாம் ஆயிடுச்சு சார். நீங்க பாருங்க அங்க. அவசரமே இல்ல. மேடமும் சொல்லச் சொன்னாங்க, எத்தன நாள் வேணும்னாலும் இருந்துட்டு வரட்டும்னு."

அவள் அதை அன்பாகத்தான் சொன்னாள். கத்தியை அன்பாக வைத்தாலும் வெட்டும்.

அவர் மறுபடி சாலையைத் தாண்டினார். அடுத்த பஸ் மூன்று மணிக்கு. உட்கார இடம் கிடைக்கவில்லை. ஊர் வரை நின்றபடி போனார். வீட்டை அடைந்தபோது ஐந்தரை. வாசலில் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார்கள். நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி ஒருவர் வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். அக்கா படுத்திருந்த கட்டிலை வெளியே எடுத்துப் போட்டிருந்தார்கள், மெத்தை இல்லாமல்.

அக்கா மகள் உள்ளே ஈரத் தலையோடு உட்கார்ந்திருந்தாள். அவர் அவள் எதிரே தரையில் உட்கார்ந்தார். என்ன கேட்பது என்று தெரியாமல், எல்லாரும் கேட்பதைக் கேட்டார்.

"கடைசியா என்னைக் கேட்டாளா?"

அவள் யோசித்தாள். பொய் சொல்லலாமா என்று யோசித்த மாதிரிதான் இருந்தது; அப்புறம் அந்தச் சிரமம் வேண்டாம் என்று விட்டுவிட்டாள்.

"இல்ல மாமா. செவ்வாக்கிழமை உங்ககூட பேசினாங்கல்ல, அதுக்கப்புறம் கேக்கல. நானே கேட்டேன், மாமாவுக்குப் போன் போடவான்னு. வேணாம்னு தலைய ஆட்டிட்டாங்க. அதுக்கு முன்னாடி எல்லாம், யாராச்சும் உள்ள வந்தா வாசலயே பாத்துட்டு இருப்பாங்க. அப்புறம் செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாங்க."

அவள் எழுந்து பாத்திரம் கழுவப் போய்விட்டாள். அவருக்கு அழுகை வந்தது. சத்தம் இல்லாமல் அழுதார். ஆறுதல் சொல்ல யாரும் வரவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அத்தான் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அக்காவின் புருஷன், எழுபது வயது, எந்தக் காலத்திலும் யாரையும் குறை சொல்லாத மனுஷன். மச்சினன் முழங்காலில் கை வைத்தார்.

"உங்க சேர்மனும் போயிட்டாராமே. போன்ல யாரோ காட்டினாங்க. உன்னால எப்படிப்பா வர முடியும்? நீ இல்லாம அங்க ஆகாதுன்னு உங்க அக்கா எல்லார்கிட்டயும் சொல்வா."

அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது.

"அந்தப் பக்கம் நீ போட்டதுதானா?" என்றார் அத்தான்.

"ஆமா அத்தான்," என்றார் அவர். "நான்தான் போட்டேன். அதனாலதான் லேட்டு."